தலைகீழாய்ப் பாய்ந்த அருவி

அத்தியாயம் 6

“கையெழுத்துப் போட மாட்டேன் சார்” என்று குருவம்மாள் மூன்றாவது தடவையாகச் சொன்னாள்.

முதல் தடவை சொன்னபோது புரொபசர் பெருமாள் சிரித்தார். இரண்டாவது தடவை பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். மூன்றாவது தடவை அவர் முகத்தில் ஒரு சலிப்பு வந்தது. அந்தச் சலிப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண்ணின் எதிர்காலத்தைக் கேட்டு வாங்க வந்துவிட்டு, அவள் தர மாட்டேன் என்றால் இவருக்கு அலுப்பு வருகிறதாம்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஆதம். தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். டிக்கெட் எடுக்க மாட்டேன் என்ற ஒரு பெரிய மனிதரை நடுவழியில் இறக்கிவிட்டேன். மறுநாள் முதலாளி என்னை இறக்கிவிட்டார். இப்போது துப்பறிவாளர் காந்திமதிநாதனுக்கு உதவியாளன். அண்ணாச்சியும் லேசுப்பட்டவர் இல்லை. சப் இன்ஸ்பெக்டராக இருந்தபோது மேலதிகாரி பொய் வாக்குமூலம் ஒன்றை எழுதச் சொல்ல, தொப்பியைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர். வேலை போனவனும் வேலையை விட்டவனும் சேர்ந்து தென்காசியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் போர்டு மாட்டியிருந்தோம். போர்டு நன்றாக இருந்தது. ஆள் வரத்துதான் கம்மி.

அன்று குருவம்மாள் கூப்பிட்டு, அவளுக்குத் துணையாக நாங்கள் நின்றது குற்றாலத்து பங்களா ஒன்றின் கூடத்தில். 1959-ஆம் வருஷம், மாசி மாதம். மாசியில் குற்றாலம் கல்யாணம் முடிந்த வீடு. கூட்டம் இல்லை, சாரல் இல்லை, பாறையில் ஒரு கயிறு அளவுக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். அந்த வெறிச்சோடிய ஊருக்கு மதராஸ் பரீட்சை போர்டிலிருந்து விசாரணை அதிகாரியாக வந்திருந்தார் புரொபசர். அவருக்கும் பூர்வீகம் எங்கள் பக்கம்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சிவனணைந்தபெருமாள். மதராஸ் ரயிலில் ஏறும்போது சிவனை பிளாட்பாரத்திலேயே விட்டுவிட்டுப் பெருமாளை மட்டும் கூட்டிக்கொண்டு போனவர்.

விஷயம் இதுதான். குருவம்மாள் ஆய்க்குடிப் பெண். வாசகசாலையில் வருகிற பேப்பர்களை எல்லாம் படித்து, எந்த தேசத்தில் யார் பதவிக்கு வந்தார், எங்கே சண்டை மூண்டது, எந்த விளையாட்டில் யார் ஜெயித்தார் என்று சுருக்கி, மாதம் ஒரு முறை ஒரே பெரிய தாளில் எட்டுப் பக்கமாக அச்சடித்து விற்பாள். பத்திரிகையின் பெயர் ‘நடப்பு அருவி’. சர்க்கார் குமாஸ்தா பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் அச்சன்புதூரிலிருந்து செங்கோட்டை வரைக்கும் அதை வாங்கி உருப்போட்டார்கள். போன ஐப்பசியில் நடந்த பரீட்சையை அவளும் எழுதினாள். வினாத்தாளில் நடப்புச் செய்திக்கென்று பத்துக் கேள்வி வந்தது. பத்துக்கும் விடை அவளுடைய ஆனி மாத இதழில் இருந்தது. தென்காசியில் எழுதியவர்கள் அத்தனை பேரும் வெளுத்து வாங்கிவிட்டார்கள். முதல் இடம் குருவம்மாளுக்கு.

சும்மா இருப்பார்களா? வினாத்தாளை முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கிவிட்டாள் என்று போர்டுக்கு ஒரு மொட்டை மனு போனது. தென்காசியில் எழுதியவர்களின் முடிவை மட்டும் போர்டு நிறுத்தி வைத்தது. இப்போது புரொபசர் கையில் ஒரு காகிதம். ‘வினாத்தாளைத் திருட்டு வழியில் பெற்றேன்’ என்று அதில் டைப் அடித்திருந்தது. குருவம்மாள் கையெழுத்துப் போட்டால் அவளுக்கு மட்டும் ஆயுசுக்கும் சர்க்கார் வேலை கிடையாது, மற்றவர்களுக்கு உத்தரவு வந்துவிடும். போடாவிட்டால் தென்காசியில் எழுதிய எல்லோருமே திருடர்கள். சாயங்கால ரயிலுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

“இந்தப் பக்கத்து ஜனங்களைப் பத்தி எனக்குத் தெரியும்” என்றார் புரொபசர். “அருவியில குளிக்கத் தெரியும். பத்துக்குப் பத்து வாங்கத் தெரியாது.”

அண்ணாச்சி குறுக்கே வந்தார். மொட்டை மனுவோடு அந்த ஆனி இதழும் வந்ததா என்று கேட்டார். ஆமாம், மனுவோடு சேர்த்துக் குத்தி அனுப்பியிருந்தான் என்று புரொபசர் ஃபைலைத் திறந்து பழுப்பேறிய தாள் ஒன்றைக் கை நீளத்துக்குத் தூக்கிக் காட்டிவிட்டு, உடனே உள்ளே வைத்து நாடாவைக் கட்டினார். ஒரு நொடிதான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். கண்ணாடியில் அழுக்கு இல்லாதபோது அவர் துடைத்தால் உள்ளே ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம்.

வெளியே மரத்தடியில் நாற்பது பேருக்கு மேல் காத்திருந்தார்கள். எல்லாம் பரீட்சை எழுதியவர்கள். எங்களைக் கண்டதும் அச்சன்புதூர் மாடக்கண்ணு ஓடி வந்தான். வயல்காட்டு வேலைக்கு நடுவே படித்து, இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை தேறப்போகிறவன். குருவம்மாளின் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். அவள் ஒருத்தி போட்டுவிட்டால் இத்தனை குடும்பம் பிழைக்கும் என்றான். அவள் முகம் வாடிப்போனது. புரொபசரிடம் வாடாத முகம் இவனிடம் வாடியது.

“ஏம்லே மாடக்கண்ணு, அவ கையெழுத்துப் போட்டா நீயும் களவாணிப் பத்திரிகைய வாங்கிப் படிச்சவன்தானே? குமாஸ்தா நாக்காலியில உக்காந்துட்டா அது மறைஞ்சிருமா?” என்று நான் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் அங்கிருந்து நகரவில்லை.

அண்ணாச்சி குருவம்மாளிடம் வினாத்தாளை வாங்கிப் படித்தார். ஹங்கேரியில் முன்னாள் பிரதமரைத் தூக்கிலிட்டது ஒரு கேள்வி. கால்பந்தில் உலகக் கோப்பையை ஜெயித்த தேசம் இன்னொன்று. அமெரிக்காவில் புதிதாக மாநிலம் ஆகப்போவது எது என்று ஒன்று. கடைசிக் கேள்வி, ஈராக்கில் ராஜாவைக் கவிழ்த்தது.

“தாயி, பிரான்சுல புதுப் பிரதமர் வந்தாரே, அது எப்போ?”

“ஜூன் ஒண்ணாம் தேதி.”

“பெரிய சேதிதானே?”

“உலகமே அதைத்தான் பேசிச்சு. நானே அதை முதல் பக்கத்துல போட்டேன்.”

“கேள்வித்தாள்ல அது இல்லியே. ஈராக்குக்குப் பிறகு அதே வாரத்துல ஜோர்டான்ல வெள்ளைக்காரன் பட்டாளத்த இறக்குனான். அதுவும் இல்ல. உன் ஆனி இதழ்ல அது ரெண்டும் இருக்கா?”

“அது எப்படி இருக்கும் அண்ணாச்சி? பிரான்சு சேதி வைகாசியில்லா? ஜோர்டான் சேதி ஆடி இதழ்ல...” என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் மாதம் என்றால் தமிழ் மாதம்தான். குத்தகையும் கூலியும் சீட்டும் அதில்தான் ஓடும். செங்கோட்டைக்காரர்கள் மூன்று வருஷத்துக்கு முன்புவரை மலையாள ராஜ்ஜியத்தில் இருந்தவர்கள். அவர்கள் ஆனியை மிதுனம் என்பார்கள், ஆனால் மாதம் பிறப்பதும் முடிவதும் அதே நாள்தான். அதனால் குருவம்மாளும் தன் பத்திரிகையைத் தமிழ் மாதக் கணக்கில் நடத்தினாள். அவளுடைய ஆனி இதழ் ஜூன் பாதியில் ஆரம்பித்து ஜூலை பாதியில் முடியும்.

“மதராஸ்ல இருந்து கேள்வி எடுக்கவனுக்கு ஆனியாவது ஆவணியாவது” என்றார் அண்ணாச்சி. “ஜூன் ஒண்ணுல தொடங்கி ஜூலைக் கடைசியில முடிப்பான். இங்க பத்துக் கேள்வியும் ஆனிக்குள்ளயே நிக்கி. ஒண்ணுகூட வேலியத் தாண்டல. ஏன்?”

“கேள்வி எடுத்தவருக்கும் ஆனி பிறந்தாத்தான் கூலி போலிருக்கு” என்றேன்.

“அவன் முன்னால இவ பத்திரிகை விரிஞ்சு கிடந்திருக்குலே. களவு போனது கேள்வித்தாள் இல்ல. இவ பத்திரிகை.”

குருவம்மாள் மரத்தில் சாய்ந்துகொண்டாள். பழி தலைகீழாகத் திரும்பியதும் அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. உள்ளே போய் இப்போதே சொல்கிறேன் என்று கிளம்பியவளை அண்ணாச்சி தடுத்தார். யதேச்சையாக அமைந்தது என்று புரொபசர் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார், கேள்வி எடுத்தது யார் என்பதோ போர்டின் ரகசியம், ஆளைப் பிடிக்காமல் பேசினால் காரியம் கெட்டுவிடும் என்றார். பிறகு சம்பந்தமே இல்லாமல் ஒன்று கேட்டார். ஆனி இதழை அச்சடித்தபோது ஏதாவது கோளாறு நடந்ததா?

நடந்திருந்தது. ‘நடப்பு அருவி’ என்ற பெயருக்கு மேலே அருவிப் படம் ஒன்று வரும். அச்சாபீஸ் அய்யாக்குட்டி தூக்கக் கலக்கத்தில் அந்தப் படத்தின் அச்சுக் கட்டையான பிளாக்கைத் தலைகீழாகப் பூட்டிவிட்டார். ஒரு கட்டுத் தாள் ஓடின பிறகுதான் குருவம்மாள் பார்த்தாள். தண்ணீர் கீழேயிருந்து மேலே போய்க்கொண்டிருந்தது. அத்தனையையும் எரிக்கச் சொல்லிவிட்டு, அவளே நின்று வேறு அச்சடித்து வாங்கி வந்தாள். கெட்டுப்போன தாள் ஒன்றுகூட வாசகர் கைக்குப் போகவில்லை.

அண்ணாச்சி என் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டார். “தென்காசிக்கு மிதிலே.”

அய்யாக்குட்டியின் அச்சாபீஸ் குத்துக்கல்வலசைக்குத் திரும்புகிற சாலையில் இருந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் கல்யாணப் பத்திரிகையா என்று கேட்டார். களவாணிப் பத்திரிகை என்றேன். கெட்டுப்போன தாளை என்ன செய்தீர் என்று அண்ணாச்சி கேட்டதும், அடுப்பில் போட்டேன் என்று பட்டென்று பதில் வந்தது. கேள்வி முடிவதற்குள் வந்த பதில்.

“உம்ம வீட்டு அடுப்பா, இங்கன இருக்க அடுப்பா?” என்றார் அண்ணாச்சி.

“இங்கனதான்.”

அச்சாபீஸில் அடுப்பே இல்லை. பக்கத்துக் கடையிலிருந்து டீ வரவழைத்துக் குடிக்கிற ஆள் அவர். நான் மூலைக்கு மூலை குனிந்து தேடுவதுபோல் தேடினேன். அடுப்பு எங்கே ஒளிந்திருக்கிறது, பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று வெட்கமா என்று கேட்டேன். அய்யாக்குட்டி சிரிக்கவும் முடியாமல் முறைக்கவும் முடியாமல் உண்மையைக் கக்கினார். நல்ல கனமான தாள், எரிக்க மனசு வரவில்லை, பொட்டலம் மடிக்க ஆகும் என்று குற்றாலத்தில் பெரிய அருவிக்குப் போகிற வழியில் சீயக்காய்க் கடை வைத்திருக்கிற வள்ளித்தாயிடம் மொத்தமாகப் போட்டுவிட்டார். வேறு யாருக்கும் ஒரு தாள்கூடக் கொடுக்கவில்லை.

மறுபடி குற்றாலம். ஏற்றம் முழுக்க நான் மிதித்தேன், அண்ணாச்சி யோசித்தார். துப்பறியும் தொழிலில் வேலைப் பங்கீடு எப்போதும் இப்படித்தான்.

வள்ளித்தாயின் கடையில் அப்போது வியாபாரம் இல்லை. எண்ணெய்ப் புட்டிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். போன ஆடியில் அருவிப் படம் போட்ட தாளில் பொட்டலம் மடித்தது நினைவிருக்கிறதா என்று கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தாளை மறக்க முடியாது, அதில் ஒரு கிறுக்கு மனுஷர் கதை இருக்கிறது என்றாள்.

சீசனுக்கு வந்து பங்களாவில் தங்கியிருந்த ஒரு ஐயா. மதராஸில் இருக்கிறவர், ஆனால் கோபம் வந்தால் எங்கள் பக்கத்துப் பேச்சு வந்துவிடும். ஒரு நாள் பெரிய பொட்டலமாகச் சீயக்காய் வாங்கிப் போனார். குளித்துவிட்டுத் திரும்பி வந்து, அதே மாதிரித் தாளில் இன்னொரு பொட்டலம் வேண்டும், முதல் தாள் ஈரத்தில் கிழிந்துவிட்டது என்றார். அவள் நிறுத்துக் கட்டிக் கொடுத்தாள்.

“காசக் குடுத்துட்டு, பொடிய நீயே வச்சுக்கோ, தாளு மட்டும் போதும்னு கொட்டிட்டுப் போறாரு அண்ணாச்சி” என்றாள் வள்ளித்தாய். “முப்பது வருசமா யாவாரம் பண்ணுதேன். சீயக்காய விட்டுட்டுப் பொட்டலத்த வாங்கிட்டுப் போன மனுசர அன்னைக்குத்தான் பாத்தேன்.”

மறுபடி பார்த்தால் அடையாளம் தெரியுமா என்று அண்ணாச்சி கேட்டார். சாகும்வரை தெரியும் என்றாள். எனக்கு ஒரே குழப்பம். போன ஆடியில் வந்துபோன ஆளை இந்த மாசியில் எங்கே தேடுவது? மதராஸ் என்ன நாலு தெருவா? சாயங்கால ரயிலுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சியோ வள்ளித்தாயிடம் கடையைச் சாத்திவிட்டு எங்களோடு வரச் சொன்னார்.

பங்களாக் கூடத்தில் புரொபசர் பெட்டி கட்டி முடித்திருந்தார். குருவம்மாள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். போனவர்கள் வெறுங்கையோடு வந்துவிட்டார்கள் என்று என் முகத்தைப் பார்த்தே அவள் முடிவு செய்திருக்க வேண்டும். வள்ளித்தாயை வாசல் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு அண்ணாச்சி மட்டும் மேஜை அருகே போனார். கையெழுத்துப் போடுவதற்கு முன் தன்மேல் உள்ள சாட்சியத்தை ஒரு தடவை பார்க்க அந்தப் பெண்ணுக்குப் பாத்தியதை உண்டு என்றார். கையெழுத்து என்ற வார்த்தையைக் கேட்டதும் புரொபசர் குளிர்ந்துபோனார். நாடாவை அவிழ்த்து, தாளை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

குருவம்மாள் அதை வாங்கினாள். பார்த்தாள். திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு மேஜைமேல் புரொபசர் பக்கம் நேராக வைத்தாள்.

“சார், இந்த அருவி எந்தப் பக்கம் பாயுது?”

நான் எட்டிப் பார்த்தேன். எழுத்து நேராக இருந்தது. மேலே அருவி தலைகீழாக இருந்தது. என் முதுகில் பெரிய அருவித் தண்ணீர் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. அண்ணாச்சி காலையிலேயே பார்த்துவிட்டார். ஒரு நொடியில் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, என்னை இரண்டு ஊருக்கும் சைக்கிள் மிதிக்க வைத்திருக்கிறார்.

இப்படி அச்சான தாள் வாசகர் யாருக்கும் போகவில்லை, குற்றாலத்தில் ஒரே ஒரு கடைக்குத்தான் போனது என்று அண்ணாச்சி நிதானமாகச் சொன்னார். தாளில் பொட்டலம் கட்டின மடிப்பு அப்படியே இருந்தது. பரீட்சையில் வந்த பத்துச் செய்தி ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது.

புரொபசர் அசரவில்லை. பெரிய படிப்பு படித்தவர் அல்லவா? மனு அனுப்பியவன் அந்தக் கடையில் சீயக்காய் வாங்கியிருப்பான், கோடும் அவனே போட்டிருப்பான், எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். அண்ணாச்சி வாசல் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

வள்ளித்தாய் உள்ளே வந்தாள். புரொபசரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. பழைய வாடிக்கைக்காரரைக் கண்ட சந்தோஷம்.

“ஐயாவா? இந்தத் தடவையும் பொடி வேண்டாமா, தாளு மட்டும் போதுமா?”

புரொபசர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். மதராஸில் சேர்த்துவைத்த முகம் மொத்தமும் கழன்று விழுந்தது. திருடியவரே திருட்டை விசாரிக்க வந்திருக்கிறார். கேள்வி எடுத்தவர் யார் என்பது ரகசியம் என்பதால், தன்னை விசாரிக்கிற வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். என் கை துறுதுறுத்தது. அந்தப் பெரிய மனிதரை பஸ்ஸிலிருந்து இறக்கியபோதும் இப்படித்தான் துறுதுறுத்தது.

அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். போன ஆடியில் லீவு போட்டுவிட்டுச் சீசனுக்கு வந்திருந்தார். வினாத்தாளை அனுப்பச் சொல்லி போர்டிலிருந்து தந்தி மேல் தந்தி வந்தது. கையில் பழைய பேப்பர் எதுவும் இல்லை. அருவிக்கும் பங்களாவுக்கும் நடந்துகொண்டிருந்தவர் கையில் சீயக்காய்ப் பொட்டலம் விரிந்தது. ஒரு மாதத்துச் செய்தி அத்தனையும் அதில் சுத்தமாக, சுருக்கமாக இருந்தது. எடுத்துக்கொண்டார். பட்டிக்காட்டில் யாரோ அச்சடித்த தாள், யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தாராம். அந்த நினைப்புத்தான் எனக்குக் களவைவிடப் பெரிய குற்றமாகப் பட்டது. மொட்டை மனுவோடு இதழ் எதுவும் வரவில்லை; சாட்சியம் வேண்டுமே என்று தன் தாளையே குத்தி வைத்தவர், படம் தலைகீழாக இருந்ததைக் கவனிக்கவே இல்லை.

பிறகு பேரம் ஆரம்பித்தது. டைப் அடித்த காகிதத்தை அவரே கிழித்துப் போட்டார். இன்றைக்கே எல்லோர் முடிவையும் விடச் சொல்லித் தந்தி கொடுக்கிறேன், குருவம்மாளுக்கு முதல் இடம், நல்ல ஆபீஸில் வேலை, இந்தத் தாள் விஷயம் மட்டும் இந்த அறையோடு போகட்டும் என்றார். அண்ணாச்சி குருவம்மாளைப் பார்த்தார். முடிவு அவளுடையது.

“இது வெளிய வந்தா என்ன ஆவும் தெரியுமாட்டி?” என்றார் புரொபசர். மதராஸ் பேச்சு போய் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. “என் பேரு போவும், அது கிடக்கட்டும். கேள்வித்தாளையே ரத்து பண்ணிருவாங்க. ராஜ்ஜியம் பூரா மறுபடி எழுதணும். நீ வாங்குன முதல் இடம் போச்சு. வெளிய நிக்கானுவளே, அதுல பாதிப் பேரு மறுபடி தேற மாட்டானுவ. நல்லா யோசிச்சுக்கோ.”

அது வெறும் மிரட்டல் இல்லை, நிஜம். உண்மையைச் சொல்லாமல் விட்டால் எல்லோருக்கும் வேலை. சொன்னால் எல்லோருக்கும் பரீட்சை. குருவம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஜெயித்துவிட்டவள் முகம் அப்படி இருக்காது.

“இது என் ஒருத்தி காரியம் இல்ல” என்று அவள் கடைசியில் சொன்னாள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வராந்தாவுக்குப் போனாள். தடுக்க எழுந்த புரொபசரின் முன்னால் நான் போய் நின்றுகொண்டேன். டிக்கெட் கேட்கிற தோரணையில் கையை நீட்டினேன். உட்கார்ந்துவிட்டார்.

மரத்தடியில் நின்றவர்கள் படிக்கட்டைச் சுற்றிக் கூடினார்கள். குருவம்மாள் ஒன்றையும் மறைக்கவில்லை. கேள்வி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைச் சொன்னாள், எடுத்தவர் யார் என்பதைச் சொன்னாள், அவர் தருகிறேன் என்பதையும் சொன்னாள். வாயை மூடிக்கொண்டால் இன்றைக்கே உத்தரவு, பேசினால் மறுபடி பரீட்சை, உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்டாள். அருவியில் விழுகிற கொஞ்சத் தண்ணீரின் சத்தம் கேட்டது. எல்லோரும் எங்கே பார்த்தார்கள் என்றால் மாடக்கண்ணுவைப் பார்த்தார்கள். இரண்டு தடவை தோற்றவன் அவன்தான்.

மாடக்கண்ணு தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“மறுபடி எழுதுனா நான் தேறுவேனான்னு எனக்கே தெரியாது” என்றான். “காலையில இந்தப் புள்ளய கையெழுத்துப் போடுன்னு கெஞ்சுனவனும் நான்தான். ஆனா இவரு குடுக்கத வாங்கிட்டு ஆபீஸ்ல போய் உக்காந்தா, ஆயுசுக்கும் இவரு பார்வையில நான் களவாணிதான். வேண்டாம். எழுதுவோம்.”

எழுதுவோம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பிறகு இன்னொன்று. சத்தம் போட்டுச் சொல்லவில்லை, பஸ்ஸில் ஊர்ப் பெயர் சொல்லி டிக்கெட் கேட்பதுபோல் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். யார் சொன்னார், யார் சொல்லவில்லை என்று நான் எண்ணவில்லை. என் கண் கலங்கியிருந்தது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

குருவம்மாள் கூடத்துக்குத் திரும்பி வந்தாள். புரொபசர் எழுந்து நின்றார். காலையில் அவள் நின்றபடி பேசினாள், அவர் உட்கார்ந்தபடி கேட்டார். இப்போது அவளுக்கு முன்னால் அவரால் உட்கார முடியவில்லை.

“மறுபடி எழுதுதோம் சார்” என்றாள். “வைகாசியோ ஆனியோ, ஜூனோ ஜூலையோ, எந்த மாசத்துல இருந்து வேணும்னாலும் கேக்கச் சொல்லுங்க. ஆனா கேள்வி எடுக்கது நீங்களா இருக்கப்படாது. ஏன் இருக்கப்படாதுன்னு உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு.”